பயம் இருக்கும்போதே செய்ய வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை நெருங்கினாலே சென்னையில் இரண்டு வகையான செய்திகள் கைபேசிக்குக் கைபேசி தாவத் தொடங்கிவிடுகின்றன. இந்த டிசம்பரில் நகரம் கடலுக்குள் போகப்போகிறது என்று யாரோ ஒரு போதகருக்குத் தரிசனத்தில் காட்டப்பட்டதாகவோ, ஏதோ ஒரு பழைய ஓலையில் எழுதியிருப்பதாகவோ நடுங்கும் குரலில் ஒருவர் பேசி அனுப்பும் பதிவு முதல் வகை. இந்தப் பிரார்த்தனையை இத்தனை பேருக்கு அனுப்பினால் வெள்ளம் உங்கள் வாசற்படியைத் தாண்டாது என்று உறுதி கூறும் செய்தி இரண்டாம் வகை. அண்மையில் இவை இரண்டும் ஒரே குழுவில், ஒரே அன்பரிடமிருந்து, அடுத்தடுத்து எனக்கு வந்து சேர்ந்தன. அவர் எங்கள் சபையைச் சேர்ந்தவர். பிறர் துன்பம் பொறுக்காதவர். அவர்மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. ஆனால் அவர் ஒருவருக்கு மட்டும் பதில் எழுதி முடித்துவிடக்கூடிய விஷயமாக இது எனக்குத் தோன்றவில்லை. கோயிலுக்குப் போகிறவர்கள், பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள், எங்களைப்போல் ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவர்கள் என எல்லோரும் படிக்கும் தங்கள் நாளிதழில் சற்று இடம் கேட்பது அதனால்தான்.

என்னைப் பற்றி இரண்டு வரி. அரசு மருத்துவமனைகளில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். பெருந்தொற்றின் முதல் ஆண்டில் கொரோனா வார்டில் இருந்தவள். அடையாற்றங்கரைக்கு அதிகத் தொலைவில்லாத ஒரு தெருவில் குடியிருப்பவள். ஜெபத்தை நம்புகிறவள். கடைசியாகச் சொன்னதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இனி எழுதப்போவதைப் படித்துவிட்டு, இவளுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்று யாரும் ஒதுக்கிவிடக் கூடாது.

அந்த இரண்டு செய்திகளும் ஒன்றுக்கொன்று எதிரானவைபோலத் தெரிந்தாலும், இரண்டும் செய்கிற வேலை ஒன்றுதான். நாளை என்ன ஆகும் என்று தெரியாத நிலையை மனித மனத்தால் நெடுநேரம் தாங்க முடிவதில்லை. கெட்டதே நடக்கும் என்று யாராவது அடித்துச் சொல்லிவிட்டால்கூட மனம் ஒருவகையில் அடங்கிவிடுகிறது. நல்லதே நடக்கும் என்று சொல்லிவிட்டால் கேட்கவே வேண்டாம். இரண்டிலுமே நாம் செய்வதற்கென்று எதுவும் மிஞ்சுவதில்லை. நகரம் மூழ்குவது உறுதி என்றால் மோட்டாரை மேல்தளத்துக்கு மாற்றி என்ன பயன்? நம் வீட்டுக்குள் தண்ணீர் வராது என்பது உறுதி என்றால் மாற்றுவானேன்? தெரியாமையை இப்படி நாமே நிரப்பிக்கொண்டு, அதற்கு விசுவாசம் என்று பெயரும் வைத்துவிடுகிறோம். இறைவனை நம்புவதற்கான அவசியம் பிறப்பதே தெரியாமையில்தான் என்பது என் எண்ணம். விளைவு கையில் எழுதித் தரப்பட்டிருந்தால் நம்புவதற்கு அங்கே என்ன இருக்கிறது?

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்காக வேளாங்கண்ணி போயிருந்த யாத்திரிகர்கள் பலர் அன்று காலை கடலோடு போனார்கள். பேராலயத்துக்குள் தண்ணீர் புகவில்லை என்று இன்றும் வியந்து சொல்கிறவர்கள் உண்டு. நானும் கேட்டு வியந்திருக்கிறேன். ஆனால் வெளியே மணலில் நின்றிருந்த குடும்பங்களும் ஜெபித்துவிட்டு வந்தவர்கள்தாம். இங்கே சென்னையிலும், சாந்தோம் பேராலயத்தை ஒட்டிக் கடற்கரையில் நிற்கும் கம்பம் இயேசுவின் சீடரான தோமையார் நட்டது என்றும், அலைகள் அதைத் தாண்டவில்லை என்றும் அந்த நாட்களில் பரவலாகப் பேசப்பட்டது. யாருடைய பக்தியையும் புண்படுத்த நான் விரும்பவில்லை. ஆனால் நடந்துபோகும் தொலைவில் இருக்கும் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்துக்குள் கடல் புகுந்ததையும், மீனவக் குடும்பங்கள் ஒரே காலையில் வீட்டையும் வலையையும் இழந்ததையும் என்ன சொல்லி விளக்குவது? கம்பத்துக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களைக் கடவுள் நினைத்தார், அந்தப் பக்கம் இருந்தவர்களை மறந்தார் என்றா? எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. வீடிழந்தவர்கள் வந்து தங்குவதற்கு சாந்தோம் பேராலயத்தின் கதவுகள் திறந்திருந்தன. மீண்டும் அலை வரும் என்ற வதந்தி அன்றும் மறுநாட்களிலும் கடலோரத் தெருக்களையெல்லாம் ஓட ஓட விரட்டிக்கொண்டிருந்தபோது, அதைக் கேட்டும் அங்கேயே நின்று சோறு ஆக்கிப் போட்டவர்கள் இருந்தார்கள். அந்த அலை வருமா வராதா என்பது அவர்களுக்கும் தெரியாது.

2015 டிசம்பர் 1 இரவை எங்கள் பகுதி மக்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்திருந்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டதாக அரசே சொன்னது. இடையிலுள்ள ஏரிகளின் உபரிநீரும் சேர்ந்து அடையாறு சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தின் மட்டத்துக்கு வந்து நின்றது. 1878 முதல் வந்துகொண்டிருக்கும் ஓர் ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பு அச்சாக முடியாமல் போன நாள் அது என்பது பத்திரிகை நடத்தும் தங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த நாட்களில் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் கல்யாண மண்டபங்களும் எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்று கேட்காமல் ஆட்களை உள்ளே விட்டன. இதைப் பெருமையாக நாம் பல தடவை எழுதிவிட்டோம், பேசிவிட்டோம். எழுதாமல் விட்டது ஒன்று உண்டு: திறந்த இடங்களில் பெரும்பாலானவை தண்ணீர் வந்த பிறகுதான் திறந்தன. பாய் எங்கே, குடிநீர் எங்கே, இன்சுலின் போடுகிறவருக்கு ஊசி எங்கே என்று இருட்டில் தேடினோம். அன்று காட்டிய அன்பில் குறையில்லை. அது வந்து சேர்ந்த நேரத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். ஏரி நிரம்பிக்கொண்டிருக்கிறது என்பது நவம்பர் மாத மழையிலேயே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த மாதம் முழுவதும் மழை நிற்க வேண்டும் என்று நாங்கள் ஜெபித்தோம். நிற்காவிட்டால் யார் யாரைத் தூக்கி வர வேண்டும் என்று ஒரு காகிதத்தில்கூட எழுதி வைக்கவில்லை.

வேதாகமத்தில் இதற்குப் பொருத்தமாக நான் அடிக்கடி எடுத்துப் படிப்பது, அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரம். பிரசங்கங்களில் அவ்வளவாகக் கேட்டதில்லை. படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இயேசுவைப் பற்றிப் போதித்துவந்த பவுல் கைதியாக ரோமாபுரிக்குக் கொண்டுபோகப்படுகிறார். கப்பலோட்டக் கூடாத பருவம் தொடங்கிவிட்டது, இப்போது புறப்பட்டால் சேதம் வரும் என்று அவர் எச்சரிக்கிறார். அவரைக் கொண்டுபோகும் ரோமப் படைத் தலைவனான நூற்றுக்கு அதிபதியோ கப்பலின் மாலுமியும் உடையவனும் சொல்வதைக் கேட்டுப் புறப்பட வைக்கிறான். வானிலை எச்சரிக்கையை மதிக்காத வழக்கம் நேற்று வந்ததல்ல என்று இங்கே எனக்குச் சிரிப்பு வரும். பிறகு புயல் பிடிக்கிறது. கப்பல் பிளந்துபோகாமல் இருக்க அடியில் கயிறு போட்டுக் கட்டுகிறார்கள். சரக்கைக் கடலில் எறிகிறார்கள். பல நாள் சூரியனும் தெரியவில்லை, நட்சத்திரமும் தெரியவில்லை. தப்புவோம் என்ற எண்ணமே அற்றுப்போகிறது.

அந்த நிலையில் பவுலுக்கு ஓர் உறுதி கிடைக்கிறது. கப்பல் போகும், ஆனால் ஓர் உயிரும் போகாது என்று தேவதூதன் சொன்னதாக அவர் எல்லோருக்கும் அறிவிக்கிறார். வாட்ஸ்அப்பில் நமக்கு வரும் உறுதிமொழிகளைப் போன்றதல்ல இது. விசுவாசிகளான நாங்கள் உண்மையென்று ஏற்கும் உறுதி. அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. நள்ளிரவில் ஆழம் குறைந்துவருவதைக் கண்ட மாலுமிகள், நங்கூரம் போடுவதாகப் பாசாங்கு செய்து, படகை இறக்கித் தாங்கள் மட்டும் தப்பப் பார்க்கிறார்கள். ஓர் உயிரும் போகாது என்று கடவுள் சொல்லிவிட்டாரே, போனால் போகட்டும் என்று பவுல் இருந்துவிடவில்லை. "இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப்பிழைக்கமாட்டீர்கள்" என்று படைவீரர்களிடம் சொல்கிறார். கப்பலோட்டத் தெரிந்தவர்கள் கப்பலில் இருந்தாக வேண்டும். பொழுது விடிகிற நேரத்தில், பதினான்கு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருக்கிறீர்களே, சாப்பிடுங்கள், பிழைப்பதற்கு அது வேண்டும் என்று எல்லோரையும் வற்புறுத்துகிறார். தாமே அப்பத்தை எடுத்து, எல்லோர் முன்பாகவும் நன்றி சொல்லி, பிட்டுச் சாப்பிடுகிறார். 276 பேரும் தெம்படைந்து சாப்பிட்டார்கள் என்று எண்ணிக்கையோடு எழுதியிருக்கிறது. கப்பல் உடைந்தது. நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தியும், தெரியாதவர்கள் பலகைகளைப் பிடித்துக்கொண்டும் கரை சேர்ந்தார்கள். மெலித்தா என்ற அந்தத் தீவில், மழையிலும் குளிரிலும், பவுல் அடுத்ததாகச் செய்தது விறகு பொறுக்கியது.

ஓர் உயிரும் போகாது என்ற வாக்கைக் கையில் வைத்திருந்த மனிதரே மாலுமியைத் தடுத்து நிறுத்தினார், சாப்பாடு போட்டார், விறகு பொறுக்கினார் என்றால், அப்படி எந்த வாக்கும் தனியாகக் கிடைக்காத நாம், ஜெபித்தாயிற்று என்று கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இனி வார்டைப் பற்றி. 2020இல் தடுப்பூசி இல்லை. சுகாதாரப் பணியாளர்களுக்கே அது 2021 ஜனவரியில்தான் வந்தது. அதற்கு முந்தைய மாதங்களில் வேலைக்குப் போன செவிலியர்கள் யாரும் பயப்படாமல் போனோம் என்று சொன்னால் நம்ப வேண்டாம். நான் ஜெபித்துவிட்டுத்தான் ஒவ்வொரு நாளும் கிளம்பினேன், பயம் போகவில்லை. ஆரம்பத்தில் இது என்னை மிகவும் வருத்தியது. விசுவாசம் குறைவாக இருப்பதால்தான் பயம் போக மறுக்கிறது என்று எங்கள் வட்டாரத்தில் சொல்வது வழக்கம். பிறகு, வேலையின் போக்கிலேயே ஒன்று தெளிவாயிற்று. பயம் போன பிறகுதான் உள்ளே போவேன் என்றிருந்தால் அந்த வார்டுக்குள் யாருமே போயிருக்க முடியாது. நாங்கள் கேட்டது தைரியத்தை. கிடைத்தது, பயந்துகொண்டே அன்றைய டியூட்டியை முடிக்கிற அளவுக்கான பலம். மறுநாளைக்கு மறுநாள் கேட்க வேண்டியிருந்தது.

கவச உடையைப் போடுவதைவிடக் கழற்றுவதுதான் ஆபத்து என்பது பலருக்குத் தெரியாது. பல மணி நேரம் தண்ணீர் குடிக்காமல், கழிவறை போகாமல், கண்ணாடி முழுக்க வியர்வை ஆவி படிந்த நிலையில் வெளியே வருகிறவருக்கு, எல்லாவற்றையும் பிய்த்தெறியத்தான் தோன்றும். ஆனால் ஒவ்வொன்றையும் அதற்குரிய வரிசையில், வெளிப்பக்கம் உடலில் படாமல் சுருட்டிக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு படியிலும் கையைச் சுத்தம் செய்ய வேண்டும். முகக்கவசத்தைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும். வேலையெல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கிற அந்த நேரத்தில்தான் கிருமி கைக்கும் முகத்துக்கும் வந்து சேரும். ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று அவசரமாகக் கழற்றிய ஓர் இளம் செவிலியரை எங்கள் பொறுப்புச் சகோதரி கடிந்துகொண்டது இன்னும் காதில் இருக்கிறது. "ஆண்டவர் பார்த்துக்குவாரு, சரி. உன் கையை நீ பாரு" என்றார். இறையியல் கல்லூரியில்கூட இதைவிடச் சுருக்கமாகச் சொல்லித் தர முடியாது என்று நினைக்கிறேன்.

என்னுடன் இரவுப் பணி பார்த்த மூத்த செவிலியர் ஒருவர் சிவபக்தர். கையுறை போடும்போது அவர் வாய்க்குள் முணுமுணுக்கும் அடி திருநாவுக்கரசருடையது: "தன் கடன் அடியேனையும் தாங்குதல், என் கடன் பணி செய்து கிடப்பதே." சுண்ணாம்புக் காளவாயில் அடைக்கப்பட்டவர், கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்டவர் என்று சைவ மரபு சொல்லும் ஒருவர் பாடியது என்பதால் அதற்குக் கூடுதல் கனம் உண்டு. கடவுள் பொறுப்பு எது, என் பொறுப்பு எது என்று அந்த அடி கோடு போட்டுப் பிரித்துவிடுகிறது. நாம் செய்கிற குழப்பமெல்லாம் இந்தக் கோட்டை அழிப்பதில்தான் வருகிறது. பிழைக்க வைப்பதை நம் பொறுப்பாக்கிக்கொண்டு தூக்கமிழக்கிறோம். மாத்திரையை நேரத்துக்குக் கொடுப்பதைக் கடவுள் பொறுப்பாக்கிவிட்டுத் தூங்குகிறோம். அந்த அப்பர் கையில், கோயிலில் புல் செதுக்கும் கருவியான உழவாரம் எப்போதும் இருந்தது என்பதையும், பஞ்சம் வந்தபோது அவரும் சம்பந்தரும் திருவீழிமிழலையில் தங்கி அடியார்களுக்குச் சோறு போட்டார்கள் என்று மரபு சொல்வதையும் அந்தத் தோழிதான் எனக்குச் சொன்னார். வேறு மார்க்கத்தவளான எனக்கு அந்த அடி இன்றைக்கும் துணையாக இருக்கிறது.

அந்த வார்டில் நோயாளிகள் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். ஒருவர், என் வயதுக்காரர், ஆக்சிஜன் அளவு இறங்கிக்கொண்டிருந்த இரவில், "சிஸ்டர், நான் பொழைச்சுக்குவேனா?" என்று கேட்டார். ஒன்றும் ஆகாது, கடவுள் இருக்கிறார் என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். அப்படிச் சொல்வது ஆறுதல் என்றே நாம் பழக்கப்பட்டிருக்கிறோம். ஆனால் ஒன்றும் ஆகாது என்பது எனக்குத் தெரியாதபோது அதைக் கடவுள் பெயரால் சொல்வது எப்படிச் சரியாகும்? "எனக்குத் தெரியலைங்க. ஆனா இப்ப குப்புறப் படுத்தீங்கன்னா மூச்சு கொஞ்சம் லேசாகும். விடியற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்" என்றேன். குப்புறப் படுக்க வைத்தால் நுரையீரலின் பின்பகுதிக்குக் காற்று எளிதாகப் போய், பலருக்கு ஆக்சிஜன் அளவு ஏறும். அன்று நாங்கள் கையில் வைத்திருந்த நல்ல ஆயுதங்களில் அது ஒன்று. அவருக்காக நான் ஜெபித்ததும் உண்மை, மணிக்கொரு முறை விரலில் கருவியை மாட்டி அளவு குறித்ததும் உண்மை. இரண்டில் எது பலித்தது என்று பிரித்துப் பார்க்கும் வேலையை நான் ஒருபோதும் செய்ததில்லை.

பயத்தைத் தனியே விட்டால் அது என்ன செய்யும் என்பதையும் அதே ஆண்டில் இந்த நகரம் பார்த்தது. 2020 ஏப்ரலில், தொற்றால் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யப் போனவர்களை அண்ணாநகர் வேலங்காட்டில் ஒரு கூட்டம் கற்களாலும் கட்டைகளாலும் தாக்கியது. ஆம்புலன்ஸ் உடைந்தது, ஓட்டுநர்களுக்குக் காயம். சக மருத்துவர் ஒருவர் காவல்துறைப் பாதுகாப்போடு நள்ளிரவில் திரும்பிப்போய், குழி தோண்டவும் மூடவும் ஆளில்லாத நிலையில், மருத்துவமனை ஊழியர் ஒருவரிருவரோடு சேர்ந்து தம் கையாலேயே மண்ணைத் தள்ளி அவரைப் புதைத்தார். இறந்தவர் உடலை அடக்கம் செய்யவிடாமல் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கி அதே மாதம் தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவர நேர்ந்தது. கல்லெறிந்தவர்களைக் கொடியவர்கள் என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. அவர்களும் மாலையில் விளக்கேற்றிக் கும்பிடுகிறவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். தம் பிள்ளைகளைக் காப்பாற்றும்படி வேண்டிக்கொண்டவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். புதைக்கப்பட்ட உடலிலிருந்து நோய் தெருவுக்கு வராது என்று அவர்களிடம் சொல்ல அன்று யாரும் அங்கே இல்லை. அவர்கள் நம்பும் வாயால் அது சொல்லப்பட்டிருந்தால், ஒருவேளை ஒரு பூசாரியோ பாதிரியாரோ இமாமோ முன்வந்து அந்தக் குழிக்குப் பக்கத்தில் நின்றிருந்தால், கல் எறியும் கை தாழ்ந்திருக்கலாம். அதே மாதங்களில் இஸ்லாமிய இளைஞர் குழுக்கள் பல, எந்த மதத்தவர் உடலானாலும் ஏற்று முறைப்படி அடக்கம் செய்ததை நான் மருத்துவமனை வாசலிலேயே பார்த்தேன்.

பயத்துக்கு இப்படி ஆட்படுவது அதிகாரத்தில் இருப்பவர்களுக்கும் பொருந்தும். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஏப்ரலில், ஜப்பானியர் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு வீசிய பிறகு, சென்னையைத் தாக்க வருகிறார்கள் என்ற தகவலை நம்பி நகரத்தைக் காலி செய்யச் சொன்னார்கள்; அரசு அலுவலகங்கள் உள்நாட்டுக்குப் போயின; மிருகக்காட்சி சாலையில் கூண்டுக்குள் கிடந்த புலி, சிங்கங்களைச் சுட்டுக் கொன்றார்கள். படையெடுப்பு வரவில்லை.

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தபோது வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் கார்களை நிறுத்தியவர்களைப் பலர் கேலி செய்தார்கள். நான் செய்ய மாட்டேன். முன்பு இழந்தவர்கள், எச்சரிக்கையைக் கேட்டு, மழைக்கு முன்பே எழுந்து ஒன்றைச் செய்தார்கள். எத்தனையோ ஆண்டுகளாக நாம் செய்யத் தவறியதும் அதுதான். என் ஆதங்கமெல்லாம், காரை மேட்டில் ஏற்றிய அதே மாலையில், கீழ்த்தளத்தில் தனியாக இருக்கும் பாட்டியையும் யாராவது மாடிக்கு அழைத்துப் போனார்களா என்பதுதான்.

எனவே வழிபாட்டுத் தலங்களை நடத்துகிறவர்களிடம் என் வேண்டுகோள் இது. மழைக்காகச் சிறப்புப் பிரார்த்தனையோ, யாகமோ, துஆவோ நடத்துங்கள், நானும் வருகிறேன். அதே கூட்டத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் திறந்து வையுங்கள். உங்கள் தெருக்களில் டயாலிசிஸ் செய்துகொள்கிறவர் யார் என்று எழுதுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று முறை அது நடந்தாக வேண்டும், வெள்ளம் வடியட்டும் என்று அவரால் காத்திருக்க முடியாது. வீட்டில் ஆக்சிஜன் கருவி வைத்திருப்பவர் யார் என்று எழுதுங்கள். மின்சாரம் போனால் அந்தக் கருவி வெறும் பெட்டி. நிறைமாதக் கர்ப்பிணிகள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கத் தனியாக வாழும் முதியவர்கள் ஆகியோரின் பெயரும், அவர்களைத் தூக்கி வரப் பொறுப்பேற்கும் இருவரின் பெயரும் எதிரெதிரே இருக்கட்டும். பொறுப்பேற்கும் ஆளின் பெயர் இல்லாத பட்டியலால் பயனில்லை.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை இரண்டு வாரத்துக்கு வாங்கி, மருத்துவர் சீட்டோடு தண்ணீர் புகாத உறையில் போட்டு வைக்கும்படி பிரசங்க மேடையிலிருந்தே சொல்லலாம். குளிர்பதனப்பெட்டி நின்றுபோனால் இன்சுலினை ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள், தண்ணீர் படாமல் வைத்துக் காப்பாற்றலாம். தண்ணீருக்குள் நடந்தவர்கள், குறிப்பாகக் காலில் புண் உள்ளவர்கள், காய்ச்சல் வந்தால் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு இருந்துவிடாமல், எலிக்காய்ச்சலாக இருக்கக்கூடும் என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மாநகராட்சியின் 1913, மாநிலப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1070, மாவட்டத்தின் 1077, அவசர ஊர்தியின் 108 ஆகிய எண்களை, பூஜை நேரம் எழுதியிருக்கும் பலகையிலேயே எழுதி வைப்பதில் எந்த ஆகமத்துக்கும் விரோதம் இருக்காது என்று நம்புகிறேன். ஜெனரேட்டர் தரைத்தளத்தில் இருந்தால் இப்போதே மேலே ஏற்றிவிடுங்கள். காணிக்கைப் பணத்தில் ஒரு பகுதி இதற்குப் போகலாம்.

தரிசனம் என்றும் ஓலை என்றும் வரும் பதிவுகளை அடுத்தவருக்குத் தள்ளுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். நல்ல எண்ணத்தோடுதான் அனுப்புகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் தனியாக இருக்கும் ஒரு வயதானவர் இரவு பதினொரு மணிக்கு அதைக் கேட்டுவிட்டு விடியும்வரை படும் பாட்டை, ரத்த அழுத்தம் எகிறி மறுநாள் காலை புறநோயாளிப் பிரிவில் வந்து நிற்பவர்களை, நான் வேலையில் இருந்தவரை பார்த்திருக்கிறேன். அந்தப் பதிவை அனுப்பத் தோன்றும்போது அவருக்கு ஒரு போன் செய்து, மாத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள்.

எங்கள் சபையில் இந்த ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு நோட்டுப் புத்தகத்தைத் திறக்கிறோம். பக்கத்துத் தெரு கோயில் நிர்வாகிகளிடமும் பள்ளிவாசல் ஜமாஅத்தினரிடமும் பேசியாகிவிட்டது. கோயிலுக்குச் சொந்தமான கல்யாண மண்டபம் எங்கள் சபைக் கூடத்தைவிடச் சில படிகள் உயரத்தில் இருப்பதால், தண்ணீர் ஏறினால் முதலில் எல்லோரையும் அங்கே கொண்டுபோவது என்றும், சமையல் பொறுப்பைப் பள்ளிவாசல்காரர்கள் ஏற்பது என்றும், மருந்தும் முதலுதவியும் எங்களுடையது என்றும் முடிவாகியிருக்கிறது. இரவில் மண்டபத்தின் சாவி யார் வீட்டில் இருக்க வேண்டும் என்பது மட்டும் இன்னும் பேசித் தீரவில்லை. மழைக்கு முன் அதையும் தீர்த்துவிடுவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மருத்துவமனைச் செவிலியர்,
மேற்கு சைதாப்பேட்டை, சென்னை – 15